ஓடைக்கு அந்தப் பக்கத்துப் புகை

கீழ் ஆஷன்ரோட்,
15 ஜூன் 1952, ஞாயிறு

அன்புள்ள லீனாவுக்கு,

ஓடையின் இந்தக் கரையிலிருந்து உன் நாத்தனார் பாபெட் எழுதிக்கொண்டது. நானும் என் வீட்டுக்காரர் கிலியனும் ஆண்டவர் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் குழந்தை கெர்டாவும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் செபிக்கிறேன்.

உன் அட்டை வியாழக்கிழமை கிடைத்தது. பென்சிலில் நாலே வரி. சாலே நதிக்கரையில் ஏதோ ஊர், ஃபோகல் அம்மாள் என்ற விதவை வீட்டு மாடியில் ஒரே அறை, அடுப்பு வைக்கக்கூட இடமில்லை என்று எழுதியிருந்தாய். எட்டுப் பசு கட்டி ஆண்டவளுக்கு ஒரே அறை. கிலியனிடம் அட்டையைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மனிதர், அட்டையை என் கையில் வைத்துவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார்.

இந்தக் கடிதம் தபாலில் வராது. தபாலில் போவதையெல்லாம் பிரித்துப் பார்க்கிறார்களாம். எல்லை தாண்டி ஓடும் ரயிலில் கார்டாக இருக்கிறானே, கிலியனின் தங்கை மகன் ஹூபர்ட், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் பதிலையும் அவனிடமே கொடு. படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. ஏன் என்று கீழே படித்தால் உனக்கே தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை விடியும்போது நான் பால் வாளியோடு வெளியே வந்தேன். அக்கரையில் லாரிகள் நின்றன. ஒரு வீட்டுக்கு ஒன்றாக எட்டு லாரி. எல்லையோரம் இனி யாரும் குடியிருக்கக் கூடாதென்று கிழக்கு அரசாங்கத்தின் மக்கள் போலீஸ்காரர்கள் படுக்கையையும் நாற்காலியையும் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். நீ கெர்டாவை இழுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் ஓடி வந்தாய். "அக்கா, அவர் எங்க? அங்க வந்தாரா?" என்று கத்தினாய். "இல்லடி, இங்க வரல" என்று நான் கத்தினேன். அதற்குள் ஒருவன் வந்து உன் கையைப் பிடித்துவிட்டான். லாரியில் ஏறிய பிறகும் நீ அன்செல்ம், அன்செல்ம் என்று கூப்பிட்டது கேட்டுக்கொண்டே இருந்தது. என் தம்பி இருட்டோடு எழுந்து மேல் புல்வெளிக்குப் புல் அறுக்கப் போனவன், திரும்பவில்லை. அடுத்த லாரியில் அனுப்பிவைப்போம் என்று உன்னிடம் சொன்னார்களாம். அடுத்த லாரி என்று ஒன்று வரவே இல்லை, லீனா. நான் மாலைவரை அங்கேயே நின்று பார்த்தேன்.

சாயங்காலம் அக்கரையில் ஒரு மனிதக் குரல் இல்லை. இக்கரையில் நாங்கள் மூன்று வீடு. எங்களுக்குக் கோயில் அங்கே, கல்லறைத் தோட்டம் அங்கே. என் சின்னவன் அங்கேதான் படுத்திருக்கிறான். கோடையில் இரண்டு எட்டு வைத்தால் தாண்டிவிடும் ஓடை. இப்போது அதுதான் கிழக்குக்கும் மேற்குக்கும் எல்லை என்று அதன் ஓரமாகப் பத்து மீட்டர் அகலத்துக்கு உழுது போட்டிருக்கிறார்கள். அதில் கால் வைத்தால் சுடுவார்களாம்.

மாடுகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மாட்டுக் கணக்குப் பட்டியல் வந்த பிறகுதான் ஓட்டிப்போவார்களாம். முதல் நாள் ராத்திரியும் சனிக்கிழமை முழுவதும் அவை கத்திய கத்தல் இருக்கிறதே, மடி கனத்து, கறக்க ஆளில்லாமல். நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை சத்தம் நின்றுவிட்டது. போலீஸ்காரர்கள் கறந்திருப்பார்கள் என்றார் கிலியன். அவர்கள் மேலே சாலையில் நிற்கிறார்கள், கீழே இறங்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு உன் வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்தது.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அடி பம்புக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வந்து நின்றான். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, எங்களுக்கு முதுகு காட்டி. நான் கையை உயர்த்தினேன். அவன் திரும்பவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனான். அன்றிலிருந்து தினமும் அதேதான்.

லீனா, அது அன்செல்ம். என் தம்பியின் கழுத்தும் தோளும் எனக்குத் தெரியாதா? அவன் உயிரோடு இருக்கிறான், வீட்டில் இருக்கிறான். மேலே போலீஸ்காரன் தூரக்கண்ணாடியோடு நிற்பதால் தருணம் பார்க்கிறான் போலிருக்கிறது. நீ யாரிடமும் அவனைப் பற்றிக் கேட்காதே. கேட்டால் தேட ஆரம்பிப்பார்கள். தைரியமாகச் சாப்பிடு, தூங்கு. குழந்தைக்கு என் முத்தம்.

உன் பாபெட் அக்கா


கீழ் ஆஷன்ரோட்,
13 ஜூலை 1952

அன்புள்ள லீனாவுக்கு,

உன் கடிதத்தை ஹூபர்ட் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். கெர்டாவுக்குப் பல் விழுந்தது பற்றியும், பள்ளியில் அவளை "எல்லைக்காரி" என்று மற்றப் பிள்ளைகள் கூப்பிடுவது பற்றியும் படித்தேன். ஃபோகல் அம்மாள் நல்ல மனுஷி என்று எழுதியிருக்கிறாய். அது ஒரு நிம்மதி. இங்கே மழை அதிகம். உலர்புல் பாதி அழுகிவிட்டது. கிலியனுக்கு முழங்கால் வீக்கம் வடியவில்லை.

நீ கேட்ட கேள்வியை நானும் தினமும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு எட்டு வைத்தால் இக்கரை. ஐந்து வாரமாக ஏன் அவன் வரவில்லை?

எனக்குப் பதில் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினோராம் நாள் மாடுகளை ஓட்டிப்போக ஆட்கள் வந்தார்கள். கூடவே போலீஸ்காரர்கள் எட்டு வீட்டையும் சோதித்தார்கள். நான் பாத்திரம் துலக்குவதுபோல ஓடையோரம் உட்கார்ந்து, என் தம்பியை இழுத்து வருவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வெறுங்கையோடு வெளியே வந்தார்கள். அதில் ஒருவன், சாக்சனிப் பக்கத்துப் பேச்சு, இருபது வயதுகூட இருக்காது, ஓடைப் பக்கம் வந்து முகம் கழுவினான். கிலியன் சும்மா இருப்பாரா? "என்னப்பா, உள்ள விருந்தாளி யாராச்சும் உண்டா?" என்று கேட்டார். அந்தப் பையன் சிரிக்கவில்லை. "யாருமில்ல பெரியவரே. அடுப்பு மட்டும் சுடுது" என்றான். "தொட்டுப் பாத்தியா?" "தொட்டுப் பாத்தேன். கை வெந்துபோச்சு." உள்ளங்கையைக் காட்டினான். சிவந்து கொப்புளித்திருந்தது.

பசுக்களின் மடி எல்லாம் காலியாக, சுத்தமாக இருந்ததாம். பால் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வாளிகளைக் கழுவி வேலியில் கவிழ்த்து வைத்திருந்தது. அதை நானே பார்த்தேன். அன்றிலிருந்து போலீஸ்காரர்கள் கீழே வருவதில்லை. சாலையிலேயே நின்றுகொண்டு மாறி மாறிச் சிகரெட் பிடிக்கிறார்கள்.

மாடு போன பிறகும் அவன் காலையில் வாளி எடுத்துத் தொழுவத்துக்குப் போகிறான்.

கிலியன் முதலில் என்னைக் கேலி செய்தார். "பேயின்னா பால் கறக்குமாடி? அப்படி ஒண்ணு இருந்தா நமக்கும் ஒண்ணு பிடிச்சுக் கொடு, எனக்கு முழங்கால் வலிக்குது" என்பார். இப்போது அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஓடைக்கு முதுகு காட்டித்தான் சாப்பிடுகிறார்.

பங்குச் சாமியார் அந்த வெள்ளிக்கிழமை கோயில் புத்தகத்தை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்தது உனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு மாடியில்தான் தங்கியிருக்கிறார். புகையைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால், இந்த ஓடை ஒரு பக்கம் ஃபுல்டா மடாதிபதிக்கும் மறு பக்கம் வூர்ட்ஸ்பர்க் ஆயருக்கும் எல்லையாக இருந்த காலம். சுவீடன் படை வந்து அக்கரையைக் கொளுத்தியிருக்கிறது. ஒருவரும் மிஞ்சவில்லை. பதினொரு வருஷம் ஊர் ஆளில்லாமல் கிடந்ததாம். அப்போதைய சாமியார் இப்படி எழுதியிருக்கிறார்: "அக்கரையில் காலைதோறும் புகை எழும்புவதாக இக்கரைச் சனங்கள் சொன்னார்கள். அதை நாம் நம்பவில்லை. பின்பு நாமே கண்டோம்." அதற்குப் பிறகு புதிதாகக் குடிவந்தவர்கள் இடிந்த வீடுகளில் நுழைந்தபோது அடுப்புகளில் தணல் கிடந்ததாம். அந்தக் குடும்பங்கள்தான் நம் குடும்பங்கள், லீனா. உன் மாமனாரின் முன்னோர் அந்தத் தணலை ஊதித்தான் முதல் கஞ்சி வைத்திருக்கிறார்கள்.

நான் சாமியாரிடம் கோபித்துக்கொண்டேன். "செத்தவங்க கதைய எதுக்குச் சாமி எங்கிட்ட சொல்றீங்க? என் தம்பி உசிரோட இருக்கான்" என்றேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை, மழை விட்ட காலையில், மேலே காவலுக்கு யாரும் தென்படவில்லை. நான் ஓடைக்கு இறங்கி, "அன்ஸி" என்று கூப்பிட்டேன். சின்ன வயதில் அம்மா கூப்பிட்ட பெயர். அவன் பம்பிலிருந்து இரண்டடி போயிருந்தான். நின்றான். வாளி கையில் அசையாமல் இருந்தது. நான் மறுபடியும் கூப்பிட்டேன். "அன்ஸி, நான்தான்டா. அக்கா. இந்தப் பக்கம் வா, யாரும் இல்ல." அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். தூரத்தில் ஏதோ கேட்டால் சாய்ப்போமே, அப்படி. பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் வாளியையும் காணவில்லை, ஈர மண்ணில் அது இருந்த வட்டம் மட்டும் தெரிந்தது. கால் தடம் எதையும் நான் பார்க்கவில்லை. தூரம் அதிகம், என் கண்ணும் பழைய கண் இல்லை.

பயத்தில் புத்தி கொஞ்சம் பேதலித்திருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போரிலிருந்து வந்த புதிதில் இரண்டு மாதம் பேசாமல் இருந்தானே, நினைவிருக்கிறதா? அப்போது நீதான் அவனைப் பேசவைத்தாய். என் குரலுக்கு நின்றான். உன் குரலாக இருந்தால் திரும்பியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததை எழுதிவிட்டேன். எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ.

கெர்டாவுக்கு ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறேன். கால் வளர்ந்திருக்கும், கொஞ்சம் பெரிதாகவே பின்னினேன்.

உன் பாபெட் அக்கா


கீழ் ஆஷன்ரோட்,
11 ஆகஸ்டு 1952, திங்கள்

லீனா,

நலம் விசாரிக்க நேரமில்லை. வராதே. மீதியைப் படிப்பதற்கு முன்னால் இந்த ஒரு வார்த்தையை மனதில் வாங்கிக்கொள். வராதே.

உன் கடிதம் நேற்று கைக்கு வந்தது. மாதா விண்ணேற்பு விழாவுக்கு முன்தினம், இந்த வியாழக்கிழமை, கெர்டாவை ஃபோகல் அம்மாளிடம் விட்டுவிட்டு, பீச் மரக்காடு வழியாக மேல் புல்வெளிக்கு வந்து, அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்து இக்கரைக்குக் கூட்டி வரப்போவதாக எழுதியிருக்கிறாய். "நீங்க கூப்பிட்டு நின்னாரு, நான் கூப்பிட்டா வருவாரு அக்கா" என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் ஹூபர்ட்டைத் தேடி ஓடினேன். அவன் வியாழக்கிழமைதான் மறுபடி அந்தப் பக்கம் போகிறான். அதற்கு முன்னால் அனுப்ப வழியில்லை. வியாழன் சாயங்காலம் அவன் அங்கே வந்து சேரும்போது நீ கிளம்பாமல் இருக்க வேண்டும்.

லீனா, அன்செல்ம் இறந்துவிட்டான்.

போன திங்கட்கிழமை வீடுகளை இடிக்க ஆள் வந்தது. கோயிலை மட்டும் விட்டுவிட்டு எட்டு வீட்டையும் தரைமட்டமாக்கினார்கள். புதன்கிழமை உன் வீடு. கூரை சரிந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். இடித்த கல்லைத் தள்ள, தொழுவத்துக்குப் பின்னால் இருந்த பழைய கிணற்றைத் திறந்தார்கள். அங்கே சத்தம் போட்டுக் கூடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கொத்தனார், நம் பக்கத்துப் பேச்சுப் பேசுகிறவர், ஓடையில் கை கழுவ வந்தார். என்னை ஏறிட்டுப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்தே பேசினார்.

"இந்த வீட்டுக்காரங்கள உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"என் தம்பி வீடு."

அவர் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினார். "கிணத்துக்குள்ள ஒரு ஆளு இருக்காரும்மா. ரெண்டு மாசம் ஆயிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. மேல இருந்து நாலாவது இரும்புப் படி ஒடஞ்சிருக்கு. ஒளிஞ்சுக்க எறங்கியிருக்காரு போல. புல்லறுக்கிறவங்க சாணைக்கல் வைக்கிற கொம்பு இடுப்புல கட்டியிருக்கு."

இருட்டோடு அறுக்கப் போனவன், லாரிச் சத்தம் கேட்டுப் பின்பக்கமாகத் திரும்பி வந்திருக்கிறான். லாரிகள் போகும்வரை கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டு நிற்கலாம் என்று இறங்கியிருக்கிறான். அவ்வளவுதான் நடந்தது. நீ அவனைக் கூப்பிட்டபோது அவன் உயிரோடு இருந்தானா இல்லையா என்று என்னைக் கேட்காதே. நானும் என்னைக் கேட்டுக்கொள்வதில்லை.

அவனைக் கோயில் தோட்டத்தில், என் சின்னவனுக்கு இரண்டு வரிசை தள்ளி அடக்கம் செய்தார்கள். சாமியாரை அந்தப் பக்கம் விடவில்லை. அவர் இந்தக் கரையில் நின்று மந்திரங்களை உரக்கச் சொன்னார், நானும் கிலியனும் பதில் சொன்னோம். கையில் கொப்புளம் காட்டிய அந்தச் சாக்சனிப் பையன் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஓடையோரம் வந்து நின்று தீர்த்தச் சொம்பை வாங்கிக்கொண்டு போய்க் குழியில் தெளித்தான். அதற்காக அவன் மேலதிகாரி அவனைத் திட்டினார். அந்தப் பிள்ளைக்கு ஆண்டவர் குறைவில்லாமல் கொடுக்கட்டும்.

உன்னிடம் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டும். அவன் உயிரோடு இருக்கிறான் என்று எழுதியது நான். என் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன், ஆனால் அது பார்த்தது மட்டும். இரண்டு மாதமாக நீ அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாய். அதை உன் கையிலிருந்து நானே பிடுங்குகிறேன்.

இனி சொல்லப்போவதை நீ நம்பாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் கேள். அடக்கம் முடிந்த மறுநாள் காலை, உன் வீடு இருந்த இடத்தில், சுவர் இல்லை, கூரை இல்லை, வெறும் செங்கல் பொடி, அதன் நடுவிலிருந்து புகை நேராக எழும்பியது. அவன் வாளியோடு பம்புக்கு வந்தான். பம்பையே பிடுங்கிப் போட்டுவிட்டார்கள், லீனா. இல்லாத பம்பை அடித்தான். கிலியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்தார். தொப்பியை எடுத்துவிட்டு, "உள்ள வா பாபெட்" என்றார்.

அது உன் புருஷனாகவே இருக்கட்டும். ஆனால் கூட்டி வர முடிகிற ஆள் இல்லை. உனக்கு அவனைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். கெர்டாவை நினைத்துக்கொள். ஏழு வயது, அவளுக்கு நீ மட்டும்தான். மேல் புல்வெளியில் இப்போது கம்பி போட்டிருக்கிறார்கள், புதுக் காவல் வந்திருக்கிறது. அவர்கள் சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் இல்லை.

வராதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

பாபெட்


கீழ் ஆஷன்ரோட்,
5 அக்டோபர் 1952, ஞாயிறு

என் லீனா,

கிலியன் சாமியாரோடு பூசைக்குப் போயிருக்கிறார், ஆறு மைல் தள்ளி, வேற்று ஊர்க் கோயிலுக்கு. எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஹூபர்ட்டிடம் கொடுக்கப்போவதில்லை.

போன கடிதத்தோடு அவன் அங்கே போனபோது ஃபோகல் அம்மாள் கதவைத் திறந்தாராம். பின்னால் கெர்டா, என் காலுறையைப் போட்டுக்கொண்டு. நீ முந்தின நாளே கிளம்பிவிட்டாயாம். ஹூபர்ட் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்தான். அது இன்னும் ஒட்டியபடியே என் அலமாரியில் இருக்கிறது.

மாதா விழா அன்று விடியலில் மேல் புல்வெளியில் மூன்று தடவை வெடித்தது. மான் சுடுகிறார்கள் என்றார் கிலியன். எட்டு மணிக்கு நான்கு பேர் தார்ப்பாயில் எதையோ சுமந்துகொண்டு சாலைக்குப் போனார்கள். மான்தான் என்றார் மறுபடியும். நான் தலையாட்டினேன். அன்றைக்குப் பிறகு இருபது நாள், நீ ஏதோ ஒரு சிறையில் இருக்க வேண்டும் என்று செபமாலை சொன்னேன். ஒருத்தியைச் சிறையில் வை சாமி என்று வேண்டியது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

செப்டம்பரில் எங்கள் பக்கத்து எல்லைப் போலீஸ் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். முப்பது வயதுப் பெண், பழுப்புத் தலைமுடி, பெயர் தெரியவில்லை, அந்தப் பக்கத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள், உங்களுக்கு யாரென்று தெரியுமா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கிலியன், "தெரியாதுங்க. இந்தப் பக்கம் அப்படி யாரும் இல்லீங்க" என்றார். அவர் போன பிறகு நான் கிலியனை அடிக்கப் போனேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பேரு சொன்னா அந்தப் பேரு நாளைக்கு அந்தப் பக்கம் போயிரும். அப்புறம் புள்ளைய அரசாங்க இல்லத்துல போட்டுருவாங்க. நம்ம கைக்கு வராது. புள்ள வரட்டும் பாபெட், அப்புறம் ஊரெல்லாம் கேக்கச் சொல்லி அழுவோம்" என்றார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அதனால் உன் பெயரை நாங்கள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன்னைப் பெயரில்லாமல் மண்ணில் விட்டிருக்கிறோம். மன்னித்துக்கொள்.

கெர்டா வருகிறாள். ஃபோகல் அம்மாள், பெர்லினில் சித்தி வீட்டுக்குப் போவதாக அவளிடமும் அக்கம்பக்கத்திலும் சொல்லிவைத்திருக்கிறார். வரும் சனிக்கிழமை ஹூபர்ட்டின் ரயிலில் பெர்லின்வரை. அங்கே நகர ரயிலில் ஏறினால் நாலாவது நிறுத்தம் மேற்குப் பக்கம். நான் வெள்ளிக்கிழமையே போய்க் காத்திருப்பேன். எனக்கு இதுவரை ஃபுல்டாவைத் தாண்டிப் பழக்கமில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாய்விட்டு வழி கேட்கத் தெரியும்.

இப்போது நான் உட்கார்ந்து எழுத வேண்டிவந்த காரணத்தைச் சொல்கிறேன்.

இன்று காலை ஓடைமேல் பனிமூட்டம். அக்கரையில் செங்கல்லைக்கூட அள்ளிப்போய்விட்டார்கள், புல் முளைத்துவிட்டது. புகை வழக்கம்போல எழுந்தது. அவன் வாளியோடு போனான். அவன் பின்னால் ஒரு பெண் வந்தாள். கூடையைக் கீழே வைத்துத் துணியை எடுத்து முறுக்கிப் பிழிந்தாள். இடது கையை மேலே வைத்துப் பிழிந்தாள். அப்படிப் பிழிகிறவள் ஆஷன்ரோட்டில் ஒருத்திதான் உண்டு, என் மாமியார்கூட அதற்காக உன்னைக் கேலி செய்திருக்கிறாள். கொடியில் துணி தொங்கியது. கொடியும் இல்லை, கம்பமும் இல்லை.

நான் முதலில் பார்த்தது என்ன தெரியுமா? உன்கூடக் குழந்தை இருக்கிறதா என்று. இல்லை. ஆண்டவருக்குத் தோத்திரம் சொன்னேன். சொன்ன வாய்க்கு வெட்கமாகவும் இருந்தது.

அவன் எனக்கு ஒரு தடவையும் முகம் காட்டினதில்லை. நீ காட்டினாய். துணியை உதறிவிட்டு இந்தப் பக்கம் திரும்பி, எங்கள் வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாய். கீழே இரண்டு, மாடியில் இரண்டு. யாரையோ தேடுவதுபோல. என்னை நீ பார்க்கவே இல்லை, நான் கண்ணெதிரே நின்றிருந்தும். கோபமாக இல்லை. வருத்தமாகக்கூட இல்லை. வேலை நேரத்தில் விளையாடப் போன பிள்ளை எங்கே என்று பார்க்கிற தாயின் முகம்.

லீனா, உன்னைப் பார்த்து எனக்குப் பயமில்லை. நீயும் அவனும் சேர்ந்து இருக்கிறீர்கள் என்றால் நான் எதற்கு அழ வேண்டும்? வாளி எடு, துணி உலர்த்து, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் அடுப்பு மூட்டு. என்றைக்காவது யாராவது அங்கே குடிவந்தால் அவர்களுக்குத் தணல் மிச்சம் வை. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஆனால் சனிக்கிழமை கழித்து உன் மகள் இந்த வீட்டில் தூங்கப்போகிறாள். கிலியன் நாளை ஓடைப் பக்கத்து ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிடுவார். அவளுக்கு ஏழு வயது. வாசலில் விளையாட விடாமல் எத்தனை நாள் பிடித்து வைக்க முடியும்? இரண்டு எட்டு வைத்தால் தாண்டிவிடும் ஓடை. நடுவில் உழுத பட்டை, அதில் இப்போது எதையோ புதைத்திருக்கிறார்கள், போன வாரம் ஒரு முயல் ஓடி வெடித்துச் சிதறியது.

அவளுக்கு நான் சோறு போடுவேன். படிக்கவைப்பேன். தலையில் பேன் பார்ப்பேன். உன்னைப் பற்றி அவள் கேட்கிற நாளில் ஒன்று விடாமல் சொல்வேன், என் கடிதங்களைப் பற்றியும் சொல்வேன், அவள் என்னை வெறுத்தாலும் சரி. அவளுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, முடி நரைத்து, தன் காலத்தில் அவள் உன்னிடம் வரட்டும். அதுவரை நீ அவளை ஆசை தீரப் பார். தூரத்தில் நின்று பார்.

இந்தக் கடிதத்தை ஓடையில் ஒரு கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். நீ இருக்கிற இடத்தில் உனக்குச் சமாதானம் உண்டாகட்டும். உன் கால் தொட்டுக் கேட்கிறேன் தாயே. அவளை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடாதே.

பாபெட்